டாலஸ்–சியாட்டில் ஃபர்ஸ்ட் கிளாஸ் அப்கிரேட்: அப்பா அம்மாவுக்காகக் காசு கொடுக்கலாமா?

கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். நீங்கள் டாலஸில் இருக்கிறீர்கள், ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள், மூன்று பேருக்கும் சியாட்டிலுக்கு எகானமியில் டிக்கெட் போட்டாகிவிட்டது. இப்போது ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் போகும் வழிக்கு மட்டும் ஆளுக்கு 210 டாலர் கட்டினால் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று காட்டுகிறது. கட்டலாமா, காத்திருந்தால் விலை இறங்குமா என்று கேட்கிறீர்கள். கூடவே அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்குச் சர்க்கரை, சென்னையிலிருந்து வந்த பயணமே இருவரையும் படுத்திவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் அந்த 210 டாலர் அவர்கள் உடம்புக்கு ஏதாவது செய்யுமா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் நியூ ஜெர்ஸியில் ஒரு பயண நிறுவனத்தின் டிக்கெட் பிரிவில் பல வருடங்களாக இருக்கிறேன். கம்பெனி ஆட்களுக்கும் குடும்பங்களுக்கும் டிக்கெட் போடுவது, மாற்றுவது, ஏதாவது கோளாறு என்றால் விமான நிறுவனத்தோடு மல்லுக்கட்டுவது, இதெல்லாம் என் வேலை. மருத்துவர் இல்லை, ஆகவே முழங்கால் பற்றிச் சொல்வதை மட்டும் அவர்களுடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

என் பதில்: அப்பா அம்மா இருவருக்கும் கட்டுங்கள், உங்களுக்கு வேண்டாம். காரணங்களை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவை உங்கள் விமானத்துக்குப் பொருந்தாமல் போனால் பதிலும் மாறிவிடும்.

டாலஸிலிருந்து சியாட்டிலுக்கு நேர் விமானம் என்றால் அநேகமாக போயிங் 737 அல்லது ஏர்பஸ் 320, 321 வகைதான் வரும், நடுவில் ஒரே நடைபாதை உள்ளது. எகானமியில் பக்கத்துக்கு மூன்று சீட், முன்னால், அதாவது ஃபர்ஸ்ட் கிளாஸில், பக்கத்துக்கு இரண்டு. ஆறு பேர் உட்காரும் அகலத்தில் நாலு பேர் உட்காருவதால் சீட்டின் அகலம் 17, 18 அங்குலத்திலிருந்து 20, 21 அங்குலமாகிறது. ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையிலான தூரம் எகானமியில் 30, 31 அங்குலம், முன்னால் 37 அங்குலத்தை ஒட்டி இருக்கும். ஆறு அங்குலம் என்று எழுதும்போது சின்னதாகத்தான் தெரியும். ஆனால் முழங்காலை ஒரே கோணத்தில் மடக்கி வைத்தால் அரை மணி நேரத்தில் கடுக்க ஆரம்பிக்கும் ஒருவருக்கு, காலை முன்னால் நீட்டி, மடக்கி, மறுபடி நீட்ட முடிகிறதா இல்லையா என்பதை அந்த ஆறு அங்குலம்தான் தீர்மானிக்கிறது. இரண்டு சீட்டும் அவர்களுக்கே என்பதால் பக்கத்தில் அந்நியர் கிடையாது, நடுசீட் கிடையாது, எழுந்து போக யாரிடமும் ஆங்கிலத்தில் கேட்கவும் வேண்டியதில்லை.

விளம்பரங்களில் வராத ஒன்று கழிவறை. இந்த விமானங்களில் முன்பகுதியில் பெரும்பாலும் 16 அல்லது 20 சீட்தான், அவர்களுக்கென்று முன்னாலேயே ஒரு கழிவறை இருக்கும். எகானமிக்காரர்கள் நூறு, நூற்றைம்பது பேர் பின்னால் இருக்கும் இரண்டு மூன்று கழிவறைகளுக்கு வரிசையில் நிற்க வேண்டும். பான வண்டி நடைபாதையை அடைத்துக்கொண்டு வரும் இருபது முப்பது நிமிடம் அங்கே போகவும் முடியாது. சர்க்கரை உள்ளவர்கள் இதற்குப் பயந்துகொண்டே தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பாவுக்கு இந்த அப்கிரேடில் கிடைக்கும் பெரிய நன்மை இதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, கிடைக்காதது என்ன? அமெரிக்க உள்நாட்டு ஃபர்ஸ்ட் கிளாஸ் சீட் படுக்கையாகாது. ஊரில் செமி ஸ்லீப்பர் பஸ்ஸில் சாய்வோமே, அந்த அளவுகூடச் சாயாது, காலைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பலகையும் பெரும்பாலான விமானங்களில் கிடையாது. நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ போகும் சில விமானங்களிலும் ஹவாய் போகும் சில பெரிய விமானங்களிலும் முழுக்கப் படுக்கும் சீட் உண்டு, ஜெட்புளூ நிறுவனத்தின் மின்ட் வகுப்பு அப்படிப்பட்டது. ஆனால் அதன் விலையும் வேறு, டாலஸ்–சியாட்டிலில் அதை எதிர்பார்க்காதீர்கள். லவுஞ்சும், அதாவது விமான நிலையத்தில் தனியாக இருக்கும் வசதியான காத்திருப்பு அறையும் கிடையாது. சென்னை–டெல்லி ஏர் இந்தியா பிசினஸ் வகுப்பில் போனவர்கள், டிக்கெட்டைக் காட்டினால் லவுஞ்சுக்குள் விடுவார்கள் என்ற நினைப்பிலேயே இங்கேயும் போய்க் கேட்டு, வாசலிலிருந்து திரும்பி வருவார்கள். இங்கே சாதாரண உள்நாட்டு ஃபர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட்டுக்கு லவுஞ்ச் அனுமதி சேர்த்தி இல்லை, அதற்குத் தனி உறுப்பினர் அட்டையோ அந்த வசதி தரும் கிரெடிட் கார்டோ வேண்டும்.

முன்னால் சீட் எடுத்தால் முதல் வரிசையைத் தவிர்த்துவிடுங்கள். முதல் வரிசை என்றால் கால் நீட்ட நிறைய இடம் இருக்கும் என்று எல்லோரும் அதைத்தான் முதலில் பிடிக்கிறார்கள். ஆனால் எதிரே சுவர் என்பதால் பல விமானங்களில் காலை முழுதாக நீட்டினால் இடிக்கும். மற்ற வரிசைகளில் முன் சீட்டுக்கு அடியில் பாதத்தை நுழைத்து வைக்கலாம், இங்கே முடியாது. இன்னொரு சிக்கல், அடியில் பை வைக்க இடம் இல்லாததால் விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் கைப்பை உட்பட எல்லாமே மேலே போக வேண்டும். எங்களிடம் டிக்கெட் போட்ட ஒரு பெரியவர் இப்படித்தான் மாத்திரை, குளுக்கோஸ் பாக்கெட், பிஸ்கட் எல்லாம் இருந்த பையை மேலே கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஓடுபாதையில் விமானம் வரிசையில் நின்று, பிறகு ஏறி, சீட் பெல்ட் விளக்கு அணையும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் அவரால் அந்தப் பையைத் தொட முடியவில்லை. இரண்டாவது அல்லது மூன்றாவது வரிசையில், அம்மாவுக்கு நடைபாதைப் பக்கம், அப்பாவுக்கு ஜன்னல் என்று எடுங்கள். அப்பா அடிக்கடி எழுந்திருப்பார் என்றால் மாற்றிக்கொள்ளலாம், முன்னால் அதற்கும் இடம் இருக்கிறது. எப்படி இருந்தாலும் மாத்திரை அப்பாவின் சட்டைப் பையில் இருக்கட்டும்.

நெடுநேரம் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளுமே, அதற்காகவாவது முன்னால் போக வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள், நீங்களும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு முடிவின்படி நாலு மணி நேரமோ அதற்கு மேலோ பயணம் செய்தால் அந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஆனால் அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் காரணம், கார், பஸ், ரயிலுக்கும் இது பொருந்தும், மொத்தத்தில் பார்த்தால் சுமார் 6000 பேரில் ஒருவர் என்ற அளவுதான். எகானமி சீட்டில் உட்கார்ந்தாலே இது வரும் என்று நிரூபணமாகவில்லை. எந்த சீட்டாக இருந்தாலும் எழுந்து நடப்பதும் கணுக்காலை ஆட்டிக்கொண்டிருப்பதும்தான் வழி. முன்னால் எழுந்திருப்பது சுலபம், அந்த அளவுக்கு உதவும். இந்தப் பயம் ஒன்றுக்காக மட்டும் 210 டாலர் கொடுக்கச் சொல்லமாட்டேன்.

இப்போது கணக்கு. 210 டாலரை அப்படியே பார்க்காதீர்கள், எகானமியிலேயே போனால் என்னென்ன செலவாகும் என்று பார்த்து அதைக் கழியுங்கள். எகானமியில், செக்-இன்னில் கொடுத்துவிடும் முதல் பெட்டிக்குக் கிட்டத்தட்ட 40, இரண்டாவது பெட்டிக்குக் கிட்டத்தட்ட 50 டாலர் வாங்குகிறார்கள். அமெரிக்கன், டெல்டா, யுனைடெட் மூன்றிலும் உள்நாட்டு ஃபர்ஸ்ட் கிளாஸில் ஆளுக்கு இரண்டு பெட்டி இலவசம், ஒவ்வொன்றும் 70 பவுண்டு, அதாவது 32 கிலோ வரை. எகானமியில் 50 பவுண்டுதான், அதைத் தாண்டினால் அதற்கு வேறு கட்டணம். சியாட்டிலில் உங்கள் அண்ணன் வீட்டில் அவர்கள் இரண்டு மாதம் இருக்கப்போகிறார்கள் என்று எழுதியிருப்பதால், ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டிகள் அத்தனையும் கூடவே போகும், ஆளுக்கு 90 டாலர் அங்கேயே மிச்சம். மீதி 120, பறக்கும் நேரம் நாலு மணிக்குக் கொஞ்சம் மேல், ஆக மணிக்கு 30 டாலருக்கும் குறைவு. வயதானவர்களுக்கு மணிக்கு 30, 40 டாலருக்குள் வந்தால் நான் கட்டச் சொல்வேன், இது என் அனுபவக் கணக்குதான், விதி ஒன்றும் இல்லை. உங்களுக்கோ கையோடு உள்ளே கொண்டுபோகும் ஒரு கேரி-ஆன் பெட்டி மட்டும். மணிக்கு 50 டாலருக்கு மேல் ஆகிறது, முழங்காலும் நன்றாக இருக்கிறது, அதனால்தான் வேண்டாம் என்றேன். ஒன்றைக் கவனியுங்கள்: அந்த விமான நிறுவனத்தின் கிரெடிட் கார்டு உங்களிடம் இருந்தால், ஒரே புக்கிங்கில் இருப்பவர்களுக்கும் சேர்த்து முதல் பெட்டி ஏற்கெனவே இலவசமாக இருக்கலாம், அப்போது மிச்சம் 90 இல்லை, 50தான். அப்புறம், முடிவு செய்யும்வரை பெட்டிக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிடாதீர்கள், கட்டிய பிறகு அப்கிரேட் செய்தால் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கத் தனியாக அலைய வேண்டிவரும்.

சாப்பாட்டுக்கு நான் பெரிய மதிப்பு போடுவதில்லை. சுமார் 900 மைலுக்கு மேல் போகும் விமானங்களில் சாப்பாட்டு நேரம் என்றால் முன்னால் சாப்பாடு கொடுப்பார்கள், உங்கள் தடம் 1600 மைலுக்கு மேல், ஆகவே கிடைக்கும். சைவம் வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பே ஆப்பில் தேர்ந்தெடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் கோழிதான் மிச்சம் இருக்கும். சைவம் என்று வருவதும் பெரும்பாலும் சீஸ் போட்ட பாஸ்தா வகை, உங்கள் அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு மூடிவிடுவார்கள். புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போங்கள், பாதுகாப்புச் சோதனையில் தடை இல்லை. தயிர் மட்டும் வேண்டாம், அதை அவர்கள் திரவக் கணக்கில் சேர்ப்பார்கள். மது இலவசம் என்பது குடிக்காதவர்களுக்கு எந்தக் கணக்கிலும் வராது.

விலை இறங்குமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில், வெளியில் இருக்கும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தினமும் டிக்கெட் போடும் எங்களுக்கும் அந்த விலை உள்ளே எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரியாது, ஒரே விமானத்தில் இரண்டு பேருக்கு இரண்டு விலை காட்டியதைப் பார்த்திருக்கிறேன். உறுதியாகத் தெரிந்தவை சில உண்டு. மீதமிருக்கும் முன் சீட்டுகள், அடிக்கடி பறக்கும் உயர்நிலை உறுப்பினர்களுக்குப் பயணத்துக்கு நாலைந்து நாள் முன்பிருந்தே இலவசமாகப் போக ஆரம்பிக்கும். டாலஸ் விமான நிலையம் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் பெரிய மையம், அங்கே இப்படிக் காத்திருக்கும் உறுப்பினர்களின் வரிசை நீளமானது. முன்பெல்லாம் இந்த சீட்டுகளில் பெரும்பகுதி இப்படி இலவசமாகத்தான் போனது. இப்போது பெரும்பகுதியைக் காசுக்கே விற்கிறோம் என்று டெல்டா தன் முதலீட்டாளர்களிடம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது, மற்றவர்களும் அதே வழிதான். ஆக, கடைசி நிமிடத்தில் கவுண்டரில் போய்க் கேட்டால் சும்மா கொடுப்பார்கள் என்ற பழைய யோசனையை மறந்துவிடுங்கள். திங்கள் காலை, வியாழன் மாலை மாதிரி கம்பெனி ஆட்கள் பறக்கும் நேரங்களில் காத்திருந்து லாபம் அடைந்தவர்கள் குறைவு. சனிக்கிழமை மதியம், செவ்வாய், புதன் என்றால் செக்-இன் சமயத்தில் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அப்போது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட் கிடைப்பது சந்தேகம். உங்களுக்கு வேண்டியது ஒன்றாக இரண்டு சீட், அதனால் நான் காத்திருக்கமாட்டேன்.

காசு கட்டும் முன் ஒரு பத்து நிமிடம் செலவழித்து, அதே விமானத்தில் இன்று புதிதாக ஃபர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட் வாங்கினால் என்ன விலை என்று தேடிப் பாருங்கள். 2020-க்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் சாதாரண எகானமி டிக்கெட்டை மாற்றுவதற்கான அபராதத்தை எடுத்துவிட்டன, ஆகவே சில சமயம் அப்கிரேடைவிட டிக்கெட்டையே மாற்றிக்கொள்வது மலிவாக வரும். பேசிக் எகானமி என்ற, கட்டுப்பாடுகள் அதிகமுள்ள மலிவு டிக்கெட் என்றால் இது பொருந்தாது, அதில் பெரும்பாலும் அப்கிரேடும் கிடையாது, மாற்றமும் கிடையாது, உங்கள் ஆப்பில் விலை காட்டுவதால் அது இல்லை என்று நினைக்கிறேன். அப்படியே எந்த விமானம் என்றும் பாருங்கள். நீங்கள் நேர் விமானம் என்கிறீர்கள், நல்லது. வழியில் மாறிப் போகும் டிக்கெட்டாக இருந்து, ஒரு கட்டம் எம்பிரேயர் 175 மாதிரி சின்ன விமானமாக இருந்தால், அந்தக் கட்டத்துக்குக் காசு கொடுக்கவே சொல்லமாட்டேன். அதில் எகானமியிலேயே பக்கத்துக்கு இரண்டு சீட்தான், நடுசீட் என்பதே இல்லை, கணவனும் மனைவியும் அங்கேயே தனியாக உட்காரலாம், பறப்பதும் அநேகமாக ஒன்றிரண்டு மணி நேரம். அப்கிரேட் விலை ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி, மொத்தமாகக் காட்டும் தொகையில் எது எதற்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

210 அதிகமாகி 300 என்று ஏறிவிட்டால், எகானமியிலேயே கால் இடம் கூடுதலாக இருக்கும் வரிசைகளைப் பாருங்கள். அமெரிக்கனில் மெயின் கேபின் எக்ஸ்ட்ரா, யுனைடெட்டில் எகானமி பிளஸ் என்று பெயர் இருக்கும். வரிசை இடைவெளி மூன்று நான்கு அங்குலம் கூடும், சீட் அகலம் அதேதான், பெட்டியும் இலவசமில்லை. அம்மாவின் முழங்காலுக்கு வேண்டியதில் பாதிக்கு மேல் இதிலேயே கிடைத்துவிடும், அப்பாவின் கழிவறைப் பிரச்சினைக்குத்தான் இது உதவாது. அவசர வழி வரிசையில் இடம் நிறைய என்று அங்கே உட்கார வைக்காதீர்கள். அவசரத்தில் கதவைத் திறக்க உடம்பும், பணியாளர் சொல்வதைப் புரிந்துகொள்ள ஆங்கிலமும் வேண்டும், கடைசி நேரத்தில் எழுப்பி வேறு சீட்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

வீல்சேருக்காக அப்கிரேட் செய்கிறார்கள் சிலர், தேவையே இல்லை. விமான நிலைய வாசலிலிருந்து விமானக் கதவுவரை வீல்சேர் உதவி எந்த டிக்கெட்டுக்கும் இலவசம், 1986-ல் வந்த சட்டப்படி நிறுவனங்கள் கொடுத்தே ஆக வேண்டும். இரண்டு நாள் முன்னாலேயே புக்கிங்கில் சேர்த்துவிட்டால் வசதி. தள்ளிக்கொண்டு வருபவருக்கு ஐந்து டாலரோ பத்து டாலரோ டிப்ஸ் கொடுப்பது வழக்கம், அதை அப்பாவிடம் சில்லறையாகக் கொடுத்து வையுங்கள்.

மூன்று பேரும் ஒரே புக்கிங்கில் இருந்து இருவரை மட்டும் மேலே ஏற்றும்போது, பல சமயம் புக்கிங் இரண்டாகப் பிரியும். பிரிந்தால் போனில் கூப்பிட்டு, இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விமானம் ரத்தாகும் நாளில் கம்ப்யூட்டர் அவர்களை ஒரு விமானத்திலும் உங்களை இன்னொன்றிலும் தானாகப் போட்டுவிடும், இதைச் சரிசெய்து கொடுப்பது எங்களுக்கு வாடிக்கையான வேலை. பறக்கும்போது நீங்கள் முன்னால் போய் அவர்கள் பக்கத்தில் நின்று பேச அநேகமாக விடமாட்டார்கள். ஏறும்போதே பணியாளரிடம், இவர்கள் என் பெற்றோர், நான் இத்தனையாவது வரிசையில் இருக்கிறேன், ஏதாவது என்றால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டால் போதும். நான் பார்த்தவரை கூப்பிடுகிறார்கள். நான்கு மணி நேரம் நீங்கள் பக்கத்தில் இல்லாவிட்டால் அம்மா பதறுவார்கள் என்றால் மட்டும் இந்த யோசனையை விட்டுவிட்டு, மூவருக்கும் கால் இடம் கூடுதலான சீட் ஒரே வரிசையில் எடுங்கள். அது உங்களுக்குத்தான் தெரியும்.

கடைசியாக, கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். விமானத்தை மாற்றி, முன் சீட் இல்லை என்று எகானமிக்கு இறக்கிவிட்டால் வித்தியாசத் தொகையைத் திருப்பித் தர வேண்டியது அவர்கள் கடமை. கீழ் வகுப்பில் போக விருப்பமில்லை என்று பயணத்தையே விட்டுவிட்டால் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும், 2024-ல் வந்த அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதியில் இது தெளிவாக இருக்கிறது. விமானம் ஏறும் வாசலில் நிற்கும் ஊழியர் வவுச்சர் கொடுத்தால் உடனே வாங்கிக்கொள்ளாதீர்கள், பணமாக வேண்டும் என்று கேளுங்கள். பணம் கார்டுக்கு வராவிட்டால் நிறுவனத்தின் தளத்தில் ரீஃபண்ட் கோரிக்கை போடுங்கள், அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் போக்குவரத்துத் துறையின் தளத்தில் புகார் கொடுக்கலாம், அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.